இன்ஜினியரிங் சீட்டு கெடைக்கலியா?

போன ஞாயித்துக்கிழமை காலையில ஊர்லேர்ந்து பெரியப்பா போன். விஷயம் காதுக்குப் போயிருக்கு. எடுத்த எடுப்பிலேயே, "என்னடா, பாப்பாவுக்கு இன்ஜினியரிங் சீட்டு கெடைக்கலியா?"

கெடைச்சிருக்கு பெரியப்பா. அதான் பிரச்சினையே.

லிங்கராஜபுரத்துக்குக் குடிவந்து பதினாறு வருஷம் ஆச்சு. மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம் காய்கறிக்காரர்கிட்ட கூடத் தமிழ்லயே பேரம் பேசலாம். ஆனா பெண்ணை என்ன படிக்க வைக்கிறதுன்னு பேச மட்டும் ஆள் கிடைக்கல. அக்கம்பக்கத்துல நம்மாட்கள் எல்லார் வீட்லயும் ஒரே பதில்தான்: கம்ப்யூட்டர் சயின்ஸ். நானும் அதே வண்டியில ஏறி இங்க வந்தவன்தானே, குறை சொல்ல முடியாது.

மகளுக்கு உயிரியல் பிடிக்கும். கூடவே வரலாறும் பிடிக்கும். ரெண்டையும் சேர்த்துப் படிக்க ஆசை. அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்துல பி.எஸ்சி. உயிரியல், நாலு வருஷ ஆனர்ஸ். நுழைவுத் தேர்வு, நேர்முகம் ரெண்டும் முடிச்சு இடமும் வாங்கிட்டா. இன்னொரு கையில இன்ஜினியரிங் சீட்டு. பணம் கட்ட ஒரு வாரம் கெடு.

தங்கமணி சொன்னது நியாயமான பயம். "பி.எஸ்சி. படிக்க இவ்வளவு செலவா? நாளைக்கு வேலை கெடைக்கலைன்னா யாரைக் கேக்கறது?"

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம்னு உட்கார்ந்தோம்.

முதல்ல பணம். சோனிபட்டில 2014-ல வந்த அசோகா, சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில 2018-ல வந்த கிரியா எல்லாம் பட்டியல்ல இருந்தது. விடுதியோட சேர்த்துப் பார்த்தா வீட்டுக்கடன் தவணை பல்லைக் காட்டுது. அசீம் பிரேம்ஜியில குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தர்றாங்க. அதனால கட்டணப் பட்டியலைப் பார்த்து மிரளாம, உதவி போக நம்ம கையிலேர்ந்து எவ்வளவுன்னு பார்க்கணும். இது எனக்கே தாமதமாத்தான் புரிஞ்சுது.

ரெண்டாவது வருஷக் கணக்கு. கர்நாடகத்துல 2021-ல நாலு வருஷப் பட்டம் கொண்டு வந்தாங்க, 2024-ல மறுபடி மூணு வருஷம்னு மாத்திட்டாங்க. தனியார் பல்கலைக்கழகங்கள்ல நாலு வருஷம் இருக்கு. மேல்படிப்புக்கு அமெரிக்கா போறவங்களுக்கு நாலு வருஷம் வசதி. இங்கேயும் நல்ல மதிப்பெண் எடுத்தா நேரா முனைவர் பட்டத்துக்குப் போக யூ.ஜி.சி. வழி விட்டிருக்கு. ஆனா சீக்கிரம் சம்பாதிக்கணும்னா ஒரு வருஷம் கூடுதல் செலவுதான்.

மூணாவதுதான் முக்கியம். சின்னக் கல்லூரின்னா பட்டியல்ல இருக்கிற பாடமெல்லாம் எல்லா வருஷமும் நடக்காது. அந்தப் பாடத்துக்கு ஒரே ஒரு ஆசிரியர் இருந்து அவர் விடுப்புல போனா, பாடமும் விடுப்புல போயிடும். போன ரெண்டு வருஷத்துல எந்தெந்தப் பாடம் நிஜமா நடந்ததுன்னு கேட்டுடுங்க. விளம்பரப் புத்தகத்தை மட்டும் நம்பாதீங்க.

போன சனிக்கிழமை மூணு பேரும் நேர்ல போனோம். லிங்கராஜபுரத்துலேர்ந்து சர்ஜாபூர் தாண்டி புருகுண்டே போறதுக்குள்ள அவுட்டர் ரிங் ரோடு இடுப்பை ஒடிச்சிடுச்சு. அங்க ஒரு சீனியர் பெண் சொன்னது இன்னும் காதுல இருக்கு: "சின்ன இடம் அங்கிள். எல்லாருக்கும் நம்ம பேர் தெரியும். அது நல்லதும்தான், கெட்டதும்தான். யார்கூடயாவது சண்டை போட்டா ஒளிஞ்சுக்க இடம் கெடையாது."

நான் படிச்ச பொறியியல் கல்லூரியில ஒளியறதுக்கு இடம் நிறைய இருந்தது. நாலு வருஷத்துல ஒரு வாத்தியாருக்குக்கூட என் பேர் தெரியாது. நானும் யார்கிட்டயும் ஒரு கேள்வி கேட்டதில்லை. வேலை கெடைச்சுது, குறையில்லை. கேள்வி கேக்கற பழக்கம் வர மட்டும் அப்புறம் பத்து வருஷம் ஆச்சு.

இந்த மாதிரிப் படிப்பு ஏதோ நேத்து இறக்குமதியான சரக்குன்னு பெரியப்பா நினைக்கிறார். நமக்கு இது இருநூறு வருஷப் பழசு. யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில 1823-ல அமெரிக்க மிஷனரிகள் ஒரு செமினரி ஆரம்பிச்சாங்க. டேனியல் பூவர் அதன் முதல் தலைவர். கணிதம், வானவியல், ஆங்கிலம், தமிழ் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. அங்க படிச்ச சி.வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ரெண்டு பேர்ல ஒருத்தர். பத்திரிகை ஆசிரியர், அரசாங்கக் கணக்குத்துறை, வக்கீல், புதுக்கோட்டையில நீதிபதின்னு சுத்தி வந்தார். 1887-ல கலித்தொகையை ஏட்டிலேர்ந்து அச்சுக்குக் கொண்டு வந்ததும் அவர்தான். பூவர் பிறகு மதுரைக்கும் வந்து பள்ளிக்கூடங்கள் திறந்தார். அதே மிஷன் 1881-ல தொடங்கின கல்லூரிதான் இன்னிக்கு மதுரை அமெரிக்கன் கல்லூரி.

அதுக்காக எல்லாப் பிள்ளைக்கும் இது சரின்னு சொல்ல மாட்டேன். கூட்டத்துல ஓரமா இருந்து தன் பாட்டுக்குப் படிக்கிற பிள்ளை இருக்கு. இதுதான் வேணும்னு பதினெட்டு வயசுலயே தெரிஞ்ச பிள்ளையும் இருக்கு. அதுங்களை இங்க கொண்டு வந்து விட்டா மூச்சு முட்டும்.

திரும்பி வரும்போது வண்டியில மகளைக் கேட்டேன்: "அங்க உனக்கு எது பிடிக்கலை?"

யோசிச்சா. "ஊருக்கு வெளியே இருக்கு. முதல் வருஷம் கட்டாயப் பாடம் ரெண்டு மூணு போரடிக்கும். பரவால்லப்பா, தாங்கிக்குவேன்."

இன்ஜினியரிங் கல்லூரியைப் பத்தி அதே கேள்வியைக் கேட்டேன். "தெரியலப்பா. அதைப் பத்தி நான் யோசிக்கவே இல்லை."

தங்கமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. வீட்டுக்கு வந்ததும், "விடுதிக்குப் போர்வை வாங்கணும்"ன்னு மட்டும் சொன்னா.

புதன்கிழமை பணம் கட்டியாச்சு. பயம் போகலை. சரியா தப்பான்னு நாலு வருஷம் கழிச்சுத்தான் தெரியும். ஆனா எது பிடிக்கலைன்னு தெரிஞ்சும் போறேன்னு சொல்ற பிள்ளையைத் தடுக்க எனக்குக் காரணம் கிடைக்கலை.

பி.கு.: பெரியப்பாவுக்கு இன்னும் சொல்லலை. பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப அவளே சொல்லிக்குவாளாம்.