கண்டோர் கூற்று

அகத்திணை இலக்கியத்தில் உடன்போக்கு என்றொரு துறையுண்டு. தலைவனோடு புறப்பட்டுப் போய்விட்ட மகளைத் தேடிச் செவிலித்தாய் சுரவழியே செல்கிறாள். எதிர்ப்படுவோரை நிறுத்தி, இன்ன அடையாளமுடைய ஒருத்தியை இவ்வழியிற் கண்டீரோ என வினவுகிறாள். அவ்வழிப்போக்கர் அவளுக்கு உறவினருமல்லர், ஊராருமல்லர். ஆயினும் நின்று விடையிறுக்கின்றனர். இவ்வாறு பேசுவோரைக் ‘கண்டோர்’ எனப் பெயரிட்டு, தோழி, செவிலி, நற்றாய் முதலியோருக்குரிய கூற்று நிகழ்த்தும் உரிமையைத் தொல்காப்பியர் அவர்க்கும் வழங்கியுள்ளார். இலக்கணம் பயிலும் மாணவர் இதனைத் தேர்வுக்குரிய பட்டியலாக மனனஞ் செய்துகொண்டு அப்பாற் செல்வதே வழக்கம். தேடுதல் என்னும் செயலிற் பாதி தேடுவோரின் காலிலும் மறுபாதி கண்டோரின் நாவிலும் தங்கியுள்ளது என்னும் உண்மை அப்பட்டியலுள் அடங்கியிருப்பதை வாழ்க்கையே பின்னர் கற்பிக்கின்றது.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கை. முன்னர் முற்றமும் மாமரமும் உடைய வீடுகள் நின்ற இடத்தில் இன்று மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. அங்கு வாழும் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் மாலை நேரத்தில் ரியூசன் வகுப்புக்குச் சைக்கிளிற் சென்று ஆறரை மணிக்கெல்லாம் திரும்பிவிடுவது வழமை. அன்று ஏழரை மணியாகியும் அவன் திரும்பவில்லை. ஆசிரியரோ வகுப்பு ஆறு மணிக்கே முடிந்துவிட்டதாகக் கூறினார். தந்தை புறக்கோட்டையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. தாய் மாடிப்படியில் இறங்கி ஒழுங்கைக்கு வந்து நின்றாள். அவ்வளவே! அவள் அழைக்காமலே கதவுகள் திறந்தன.

அடுத்த அரைமணி நேரத்தில் அவ்வொழுங்கை ஒரு படையைப் போல இயங்கிற்று. மேல்மாடி இளைஞர் இருவர் கடற்கரை வீதி வழியாகத் தெஹிவளைப் பக்கம் சென்றனர். ஒருவர் களுபோவிலை ஆஸ்பத்திரிக்கு விரைந்தார். வேறொருவர் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யத் தாயின் சகோதரனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சென்றார். சிறுவனின் படம் கைத்தொலைபேசிகள் வழியே நூறு வீடுகளை எட்டியது. கோயிலுக்கு நேர்த்தி வைத்தவரும் உண்டு. அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்தவரும் உண்டு. காவலாளியாகப் பணிபுரியும் சிங்கள முதியவர் தம் கைவிளக்கை எடுத்துக்கொண்டு ரயில் பாதையோரமாக நடந்தார்.

அவ்வீட்டில் அப்பொழுது கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து சில நாட்கள் தங்கியிருந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். சிறுவனின் தாய்க்குப் பெரியம்மா முறை. அனைவரும் அவரைக் கொட்டாஞ்சேனைப் பெரியம்மா என்றே அழைப்பர். பிள்ளையைக் காணவில்லை என்ற செய்தி காதில் விழுந்ததும் அவர் கேட்ட முதற் கேள்வி விசித்திரமாயிருந்தது.

“பிள்ளை, வான் ஏதும் வந்து நிண்டதாமோ?”

சூழ நின்ற இளைஞருக்கு அதன் பொருள் விளங்கவில்லை. நாற்பது வயதைக் கடந்தோர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர்.

“இல்லைப் பெரியம்மா, இப்ப அப்பிடி ஒண்டும் இல்லை,” என்றாள் தாய். ஆயினும் அவளது முகம் அக்கணமே வெளிறிப்போயிற்று.

அக்கேள்வியின் பின்னால் ஒரு காலம் நிற்கின்றது. 2006ஆம் ஆண்டு தொடக்கம் யுத்தம் முடிவுற்ற 2009ஆம் ஆண்டு வரை கொழும்பு வாழ் தமிழ் மக்களின் பேச்சில் ‘வெள்ளை வான்’ என்ற இரு சொற்கள் கூற்றுவனின் பெயர்போல வழங்கின. இலக்கத் தகடற்ற அவ்வாகனங்களில் ஏற்றப்பட்ட பலர் மீண்டு வரவில்லை. காணாமற்போனோரின் விபரங்களைத் திரட்டுவதற்காக 2006இல் மனோ கணேசன், சிறிதுங்க ஜயசூரிய முதலியோர் மக்கள் கண்காணிப்புக் குழுவைத் தோற்றுவித்தனர். அம்முயற்சியில் இணைந்திருந்த பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் அவ்வாண்டு நவம்பர் 10ஆந் திகதி கொழும்பிற் சுட்டுக் கொல்லப்பட்டார். 2007 ஜூன் 7ஆந் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் விடுதிகளிற் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ் வண்டிகளில் ஏற்றப்பட்டு நகரை விட்டு அனுப்பப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில் மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2008ஆம் ஆண்டின் முதல் நாளன்று பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தில் வழிபடச் சென்ற பாராளுமன்ற உறுப்பினர் மகேஸ்வரன் அவ்வாலயத்தினுள்ளேயே சுடப்பட்டார். கொட்டாஞ்சேனைப் பெரியம்மா சிறுவயது முதல் வலம் வந்த வீதி அது.

அத்தகைய காலத்தில் ஒழுங்கை என்ன செய்தது? கண்டது; ஆயினும் பேசவில்லை. தேநீர்க்கடையில் நின்றவன் கண்டான். யன்னல் திரையை விலக்கியவள் கண்டாள். வாகனம் எத்திசையிற் சென்றது என்பதை முச்சக்கர வண்டிக்காரர் அறிவர். ஆனால், மறுநாள் ஒரு தாய் படத்துடன் வந்து கேட்கும்பொழுது எல்லோர் தலைகளும் கவிழ்ந்தன. இதனைக் கோழைமை என எளிதில் இகழ்ந்துவிட முடியாது. சொன்னவன் அடுத்த வானில் ஏறவேண்டிவரும் என்ற அச்சம் கற்பனையன்று. எனினும் ஒன்றைக் குறித்துக்கொள்ளல் தகும். பிள்ளையைக் கொண்டுசென்றவர் அவனை மட்டுமே கொண்டு செல்லவில்லை. அவனைக் கண்டோரின் கூற்றையும் உடன் கொண்டு சென்றனர். பின்னையதே அவர்களுக்குப் பெரிதும் வேண்டியிருந்தது.

2008 செப்டெம்பர் 17ஆந் திகதி இரவு தெஹிவளையில் இளைஞர் ஐவர் கடத்தப்பட்டனர். கொட்டாஞ்சேனை உட்படக் கொழும்பிலும் அதன் அயலிலும் 2008-2009 காலப்பகுதியிற் கடத்தப்பட்ட பதினொருவரின் வழக்கு எனப் பின்னர் நாடறிந்த வழக்கில் அவ்வைவரும் அடங்குவர். பதினொருவருள் தமிழரும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். கப்பம் பெறும் நோக்குடன் கடற்படையினர் சிலர் அவர்களைக் கடத்தினர் என்பது குற்றச்சாட்டு. அவர்களின் பெற்றோர் சென்ற வழி நீண்டது. பொலிஸ் நிலையங்கள், மனித உரிமைகள் ஆணைக்குழு, செஞ்சிலுவைச் சங்கம், அமைச்சர்களின் வாயில்கள், நீதிமன்றங்கள் என ஆண்டுக்கணக்காக அவர்கள் அலைந்தனர். முன்பின் அறிமுகமற்ற குடும்பங்கள் அவ்வாயில்களின் வாங்குகளில் அருகருகே அமர்ந்து ஒருவரையொருவர் அறிந்துகொண்டன. வெவ்வேறு மதத்தினரான தாய்மார் ஒருவர் கோப்பை மற்றவர் சுமக்கும் நிலை உருவாயிற்று.

அவ்வழக்கு அசைந்த விதம் சிந்திக்கத்தக்கது. கடத்தப்பட்டோருள் ஒருவர் மறைவிடத்திலிருந்தே தொலைபேசியிற் தம் வீட்டாருடன் பேசியிருந்தார். அத்தொடர்பு குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினருக்கு ஒரு தடயமாயிற்று. அதனினும் முக்கியமானது, கடற்படையைச் சேர்ந்த சிலரே தாம் கண்டதை வாக்குமூலமாக அளித்தமையாகும். கொழும்புக் கோட்டையிலும் திருகோணமலைக் கடற்படைத் தளத்திலும் அவ்விளைஞர் தடுத்து வைக்கப்பட்டிருந்தனர் என்ற செய்தி இவ்வாறே வெளிவந்தது. ஒழுங்கையிற் கண்டோர் பேசமுடியாதிருந்த காலத்துக்குப் பின், மதிலுக்கு அப்பால் நின்ற கண்டோர் பேசினர். 2019ஆம் ஆண்டு பதினால்வருக்கு எதிராக 667 குற்றச்சாட்டுகள் தாக்கல் செய்யப்பட்டன. 2021ஆம் ஆண்டில், அப்பதினால்வருள் ஒருவரான முன்னாள் கடற்படைத் தளபதிக்கு எதிரான வழக்கைத் தொடர்வதில்லை எனச் சட்டமா அதிபர் அறிவித்தபொழுது, அதனையும் எதிர்த்துக் குடும்பத்தினர் நீதிமன்றம் சென்றனர். பிள்ளைகள் பதினொருவரும் வீடு திரும்பவில்லை.

இவ்வனுபவம் கொழும்புத் தமிழருக்கு மட்டும் உரியதன்று. கைதான இளைஞரைத் தேடி யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி எழுந்தது 1984இல். தென்னிலங்கையிற் காணாமற்போன சிங்கள இளைஞரின் தாய்மார் அதே பெயரில் 1990இல் ஒன்றுதிரண்டனர். சீதுவை, ரத்தொலுவ சந்தியில் 2000ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் முன் ஆண்டுதோறும் ஒக்டோபர் 27ஆந் திகதி அவர்கள் கூடுகின்றனர். கடல்களுக்கு அப்பால் ஆர்ஜென்ரீனாவின் தலைநகரில் 1977 ஏப்ரலில் ஒரு சில தாய்மார் சதுக்கமொன்றைச் சுற்றி நடக்கத் தொடங்கியதும் இதே கேள்வியுடனேயே. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு இலங்கையிற் பதிவு செய்த காணாமற்போனோரின் தொகை மட்டும் 16,000க்கு மேற்பட்டது. 2016ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றினால் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் நிறுவப்பட்டது. அதன் உறுப்பினர் 2018இல் நியமனம் பெற்றனர். மரணச் சான்றிதழைப் பெற மறுத்த குடும்பங்களுக்காகக் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் வழங்கவும் 2016இல் வழி செய்யப்பட்டது. இறந்தான் என்று எழுதாது, இல்லை என்று மட்டும் எழுதும் அத்தாள் ஒரு தாயின் பிடிவாதத்துக்குச் சட்டம் அளித்த சிறு மரியாதை எனலாம். ஆயினும் எங்கே என்ற வினாவுக்கு அலுவலகம் தானாக விடை கூறமுடியாது. அதற்கும் ஒரு கண்டோன் வேண்டும்.

வெள்ளவத்தைக்கு மீள்வோம். எட்டரை மணியளவில், ஒழுங்கை காலி வீதியைத் தொடும் முனையில் லொத்தர் சீட்டு விற்கும் சிங்களவர் ஒருவர் தம் பலகையை மடித்துக்கொண்டிருந்தார். மேல்மாடி இளைஞன் ஒருவன் படத்தைக் காட்டினான். அவர் படத்தை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார். தாம் கண்டதாகக் கூறினார். சைக்கிளின் முன்சில்லு வளைந்திருந்தது; சிறுவன் அதனைத் தள்ளிக்கொண்டு அழுதவண்ணம் ரயில் நிலையப் பக்கம் போனான்; கூப்பிட்டபொழுது திரும்பிப் பார்க்கவில்லை. இவ்வளவும் சொன்னதோடு அமையாது, தம் பலகையை அருகிலிருந்த பழக்கடையில் வைத்துவிட்டுத் தாமும் உடன் நடந்தார்.

சிறுவன் நிலையத்தின் கடைசி வாங்கில் இருந்தான். வாகனமொன்று உரசியதில் சைக்கிள் மதிலில் மோதியிருந்தது. முழங்காற் காயத்தை விட, புதுச் சைக்கிளை உடைத்தமைக்குத் தந்தையார் ஏசுவாரே என்ற பயமே அவனை அங்கு இருத்தியிருந்தது. தந்தை வந்தார், ஏசவில்லை. ஒழுங்கை முழுவதும் அவனைச் சூழ்ந்து வீட்டுக்குக் கொண்டு வந்தது.

அன்றிரவு எல்லோரும் சிரித்துப் பேசிக் கலைந்த பின்னரும் கொட்டாஞ்சேனைப் பெரியம்மா உறங்கவில்லை. தம் வீட்டுக்கு எதிரே நின்ற வாகனத்தையும் அதில் ஏற்றப்பட்ட அயல்வீட்டு இளைஞனையும் அவர் யன்னலூடே கண்டவர் என்பது அன்றுதான் முதன்முதலில் வெளிவந்தது.

“அந்தத் தாய் என்னட்டையும் வந்து கேட்டவ. நான் ஒண்டும் தெரியாது எண்டிட்டன், பிள்ளை,” என்றார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர் உள்ளத்தே கிடந்த வாக்கியம் அது. அத்தாய் இன்னும் செவ்வாய்க்கிழமைகளிற் கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்துக்குச் செல்கிறார் என்றும் அவர் கூறினார். அவரைத் தேற்றச் சொல்லேதும் எவருக்கும் தோன்றவில்லை.

மறுநாட் காலை பெரியம்மா கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டார். பஸ் தரிப்பிடத்துக்குச் செல்லும் வழியில் லொத்தர்ப் பலகையின் முன் நின்றார். வாழ்நாளில் ஒரு சீட்டேனும் வாங்காதவர் அன்று ஒன்றை வாங்கினார். தமக்குத் தெரிந்த சிறிதளவு சிங்களத்தில், நேற்று நீங்கள் சொன்னது பெரிய காரியம் என்றார். கண்டதைத்தானே சொன்னேன் அம்மா என்று அவர் சிரித்தபடி மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். பெரியம்மா சீட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். அன்று செவ்வாய்க்கிழமை. வீட்டுக்குச் செல்லாமல் நேரே கொச்சிக்கடையில் இறங்கப்போவதாக அவர் ஏறும்பொழுது சொல்லிச் சென்றார்.