வெங்கன் பனிச்சாரலில் ஒரு வாரம்

பனி என்றவுடன் யாழ்ப்பாணத்தாராகிய நமக்கு நினைவுக்கு வருவது, மார்கழி விடியலிலே புகையிலைத் தோட்டத்து இலைநுனியில் தொங்கும் துளியேயாகும். வெயில் ஏற முன்னரே அது மறைந்துவிடும். திருவெம்பாவைக்குக் கோயிலுக்குச் செல்லும் முதியவர்கள் தலையிற் சால்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்குவதும் அந்தச் சிறு பனிக்கே. மலையோ எனில் நம் குடாநாட்டில் அதுவும் இல்லை. கீரிமலை என்று ஓர் ஊர் இருக்கின்றது. அங்கே கேணி உண்டு, கடல் உண்டு, மலையை மட்டும் காணோம். இப்படிப்பட்ட நாட்டிலிருந்து புறப்பட்ட நாம், சென்ற மாசி மாதத்தில் ஆல்ப்ஸ் மலையிலே ஒரு வாரம் தங்கி வந்தோம். அதுவும், எம் தம்பியின் குடும்பத்தார் பனிச்சறுக்கு விளையாடுவதைக் காண்பதற்கென்றே!

தம்பி சுவிற்சர்லாந்தின் தலைநகராகிய பேர்ண் நகரில் வாழ்கின்றார். மகனுக்குப் பதினான்கு வயது, மகளுக்கு ஒன்பது. அந்நாட்டிலே குளிர்காலத்தின் நடுவில் பாடசாலைகளுக்கு ஒரு விடுமுறை உண்டு. அதனை 'விளையாட்டு விடுமுறை' என்றே வழங்குகின்றனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வகுப்பறைகளைச் சூடாக்கும் நிலக்கரிக்குத் தட்டுப்பாடு வந்தபோது பாடசாலைகளைச் சில நாள் மூடிப் பிள்ளைகளை மலைக்கு அனுப்பிய வழக்கம் இது. கரிப் பஞ்சம் நீங்கிவிட்டது; விடுமுறையை விட்டுக்கொடுக்கப் பிள்ளைகள் சம்மதிப்பார்களா? பாடசாலையே மாணவரை அழைத்துச் சென்று நடத்தும் பனிச்சறுக்கு முகாம்களும் உண்டு. தம்பியின் மகன் அத்தகைய முகாமிலேதான் இக்கலையைக் கற்றான். தங்கைக்கும் அவனே குரு.

இங்கே ஒரு படத்தின் கதையைக் கூற வேண்டும். தம்பி 1988 இல் நாட்டைவிட்டுச் சென்றவர். சுவிற்சர்லாந்துக்குப் புகலிடம் தேடிச் சென்ற எம்மவரிற் பலரைப் போல அவரும் ஒரு விடுதியின் சமையற்கூடத்திலே வேலையில் அமர்ந்தார். 1991 இல் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதனுள்ளே ஒரு படம். கண்ணைப் பறிக்கும் வெண்பனியின் நடுவே, காலில் நீண்ட சறுக்குப் பலகைகளும் கையில் இரு கோல்களுமாகத் தம்பி நிமிர்ந்து நிற்கின்றார். எம் அன்னையார் அதனைச் சட்டமிட்டுச் சாமியறைக்கு அடுத்த சுவரில் மாட்டினார்; வந்தவர் போனவர்க்கெல்லாம் காட்டினார். 1995 ஐப்பசி இடப்பெயர்விலே தென்மராட்சிக்கு நடந்து சென்றபோதும் அப்படம் அவருடைய துணிப்பைக்குள் இருந்தது. அன்னையார் காலமான பின்னர் அது தம்பியிடம் இருப்பதே முறையென்று கருதி, இம்முறை நாம் கையோடு எடுத்துச் சென்றோம்.

படத்தைக் கண்ட பிள்ளைகள் துள்ளினர். "அப்பா, உங்களுக்கு ஸ்கீ தெரியுமே? ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?" என்று மகள் கேட்டாள். தம்பி சிரித்து மழுப்பினார். அவர் முகம் மாறியதை நாம் கண்டோம். காரணம் அப்போது விளங்கவில்லை.

பேர்ணிலிருந்து தூண் ஏரிக்கரை வழியாக இன்ரலாக்கன் வரை புகையிரதம் செல்கின்றது. அங்கே மலைப் புகையிரதத்துக்கு மாறி, லவுற்றர்புறுன்னன் என்னும் பள்ளத்தாக்கை அடைந்தோம். இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள். அவற்றிலிருந்து 72 அருவிகள் விழுகின்றன என்று ஊரார் கணக்குச் சொல்கின்றனர். அவற்றுள் பெயர்பெற்ற ஸ்ரவுப்பாக் அருவி ஏறத்தாழ 300 மீற்றர் உயரமுடையது. நாம் சென்றபோது அதன் ஓரங்கள் உறைந்து கண்ணாடி விழுதுகளாய்த் தொங்கின. அதற்கப்பால் 1893 இல் திறக்கப்பட்ட பற்சக்கரப் புகையிரதம். தண்டவாளங்களின் நடுவே பல் வைத்த மூன்றாவது இரும்புப் பட்டை ஒன்று ஓடுகின்றது. வண்டியின் அடியிலுள்ள சக்கரம் அதனைக் கவ்விக் கவ்வி ஏறுகின்றது. பனை ஏறுபவர் தளைநார் கொண்டு மரத்தைப் பற்றி ஏறுவதை நினைத்துக்கொண்டோம்.

வெங்கன் சுமார் 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கும் சிற்றூர். கீழிருந்து மோட்டார் வண்டியில் அங்கே செல்ல இயலாது, புகையிரதமே வழி. ஆதலால் ஊரிலே ஓர் அமைதி. பனியிற் சப்பாத்து மிதிபடும் நொறுக்கொலியும் கோயில் மணியோசையும் தவிரப் பிற ஓசை அரிது. அண்ணாந்து பார்த்தால் யுங்பிரவ் என்னும் சிகரம். அப்பெயருக்குக் 'கன்னி' என்பது பொருள். உயரம் 4,158 மீற்றர். அவளுக்கு அருகே மொங்க், அதாவது 'துறவி'. அவருக்கு அப்பால் ஐகர். அரக்கனாகிய ஐகரிடமிருந்து கன்னியைக் காக்கத் துறவி இடையில் நிற்கின்றார் என்பது ஊர்க்கதை. எல்லா நாட்டிலும் மலைகளுக்குக் கதை இருக்கின்றது! ஐகரின் வடமுகப் பாறை சுமார் 1,800 மீற்றர் உயரமான ஒரே சுவர். பலர் உயிரைக் குடித்த அச்சுவரை 1938 இல்தான் நால்வர் முதன்முதலாக ஏறி முடித்தனர்.

பனிச்சறுக்கின் வரலாற்றிலே எமக்கு வியப்பளித்த செய்தி ஒன்றுண்டு. பலகை கட்டிப் பனியில் நடப்பது வடநாட்டார் பழங்காலந்தொட்டு அறிந்த வித்தை. அதனை ஆல்ப்ஸ் மலையிலே பந்தய விளையாட்டாக வகுத்தவர்களுள் முதன்மையானவர் சேர் ஆணல்ட் லன் என்னும் ஆங்கிலேயர். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? சென்னை! மெதடிஸ்த சபை ஊழியராக இந்தியாவுக்கு வந்த ஹென்றி லன்னின் மகனாக 1888 இல் அவர் அங்கே பிறந்தார். தந்தையார் பின்னாளில் ஆங்கிலேயரைக் குளிர்காலத்தில் சுவிற்சர்லாந்துக்கு அழைத்துச் செல்லும் தொழிலை நடத்தினார். மகனோ, வெங்கனுக்கு எதிர்க்கரையிலுள்ள மூரன் என்னும் ஊரிலே, நட்ட கம்பங்களிடையே வளைந்து வளைந்து சறுக்கும் பந்தயத்தை 1922 இல் இன்றைய முறையில் நடத்திக் காட்டினார். 1925 இல் வெங்கனிலே ஆங்கிலேயர் தொடங்கிய சங்கத்தின் பெயர் 'கீழ்நோக்கி மட்டும்' என்பதாம். புகையிரதத்தில் ஏறிச் சென்று, சறுக்கி இறங்குவது மட்டுமே தங்கள் வேலை என்பது அதன் கருத்து. வெங்காயத் தோட்டத்துக்குத் துலா மிதித்து நீரிறைத்த பரம்பரையில் வந்த எமக்கு இக்கொள்கை சிரிப்பை மூட்டியது.

முதல்நாட் காலை ஊரின் நடுவேயுள்ள பயிற்சிச் சரிவுக்குச் சென்றோம். வாடகைக் கடையிற் பலகை, கோல், தலைக்கவசம், சப்பாத்து எல்லாம் எடுத்தாயிற்று. அச்சப்பாத்தைப் பற்றி ஒரு வார்த்தை: கணுக்காலை அசையவிடாத கடினமான கூடு அது. அதை மாட்டிக்கொண்டு நடப்பவர், புதிதாய் நடை பழகும் யானைக்குட்டி போலத் தோன்றுவார். "அப்பா, நீங்கள் முன்னுக்குப் போங்கோ" என்றான் மகன். தம்பி பலகையின்மேற் காலை வைத்தார். சப்பாத்தின் முனையை முதலிற் செருகிக் குதிகாலை அழுத்தினாற்றான் பிடி பூட்டும். அவரோ குதிகாலை முதலில் வைத்து மிதித்துக்கொண்டே நின்றார். ஒரு முறை, இரு முறை, மூன்று முறை. மகன் ஒன்றும் சொல்லாமல் குனிந்து தந்தையின் காலைப் பிடித்துச் சரியாக வைத்தான். 'டக்' என்று பூட்டியது.

"எனக்குத் தெரியாது, மேனே" என்றார் தம்பி.

அன்று இரவு, தங்கியிருந்த வீட்டிலே புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் உண்டபின் அவர் எல்லாவற்றையும் கூறினார். அவர் பாத்திரம் கழுவிய விடுதி இதே வெங்கனில்தான் இருக்கின்றது. சமையற்கூடம் பாதி நிலத்துக்குக் கீழே; யன்னல் நிலமட்டத்தில். அதன் வழியாக ஒன்பது குளிர்காலம் அவர் கண்டவை சப்பாத்துகள் மட்டுமே. சிவப்புச் சப்பாத்து, நீலச் சப்பாத்து, குழந்தையின் சின்னஞ்சிறு சப்பாத்து. மலையைப் பார்க்க வேண்டுமென்றால் குப்பை கொட்டப் போகும்போது பார்க்கலாம். ஒருநாள் விருந்தினர் ஒருவர் வாசலிற் சாத்தி வைத்த பலகைகளை, உடன் வேலை செய்த போர்த்துக்கேய நண்பர் எடுத்துக் கொடுக்க, அவற்றின்மேல் ஏறி நின்று ஒரு படம் பிடித்துக்கொண்டார். அரை நிமிடம். அவ்வளவே.

"அம்மா கவலைப்படக் கூடாதெண்டு அனுப்பினனான், அண்ணை. பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் 'பனியிலை கவனமாய் ஓடு' எண்டு எழுதுவா. ஓடத் தெரியாதெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

எமக்கு விடை கூறத் தெரியவில்லை. எம் துணைவியார், "மாமிக்கு அந்தப் படம் எத்தினை நாள் சோறு போட்டது தெரியுமே" என்று மட்டும் கூறினார்.

மறுநாளிலிருந்து ஒன்பது வயது மகளே ஆசிரியை. பலகைகளின் முன்னுனிகளை நெருக்கிப் பின்னுனிகளை அகற்றினால் வேகம் தணியும். பெரியோர் இதனைக் கலப்பை வடிவம் என்பர். குழந்தைகளுக்கோ இது பீட்சாத் துண்டு. பலகைகளை நேராக வைத்தால் வேகம் பிடிக்கும். அது பொரித்த உருளைக்கிழங்கு. "பீட்சா, அப்பா, பீட்சா! முழங்காலை மடியுங்கோ! கீழை பாராதேங்கோ!" என்ற கூச்சல் மூன்று நாட்கள் சரிவெங்கும் ஒலித்தது. தம்பி விழுந்தார், எழுந்தார், மறுபடியும் விழுந்தார். இடையில் வந்த நான்கு வயதுப் பாலகன் ஒருவன் கோல்கூட இல்லாமல் அவரைச் சுற்றிக்கொண்டு போனான். விழும்போது மலைப்பக்கமாகச் சாய்ந்து விழுவதும் ஒரு கல்வி என்பதை நாம் அங்கே கற்றோம்.

சறுக்குப் பாதைகளுக்கு நிறம் உண்டு. நீலம் எளியது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு வல்லவர்க்கு. முன்னே செல்பவருக்கே பாதை உரியது. பின்னே வருபவர்தான் ஒதுங்க வேண்டும். தெருவிலே இவ்விதியை நம்மவர் கைக்கொண்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்! குறித்த பாதையை விட்டு விலகினால் பனிச்சரிவு அபாயம். அதனை ஒன்றிலிருந்து ஐந்து வரை அளவிட்டு நாள்தோறும் அறிவிக்கின்றனர்; அவ்வெண்ணைப் பாராமல் காலையில் யாரும் புறப்படுவதில்லை.

செலவைப் பற்றியும் உண்மையைக் கூறிவிட வேண்டும். பலகைக்கு வாடகை, மேலே ஏறும் கம்பிவண்டிக்குச் சீட்டு, உறங்க இடம் என்று கூட்டினால் சாதாரண உழைப்பாளி ஒருவரின் பணப்பை ஒரு வாரத்திற் காலியாகிவிடும். சுவிஸ் மக்களிலேயே இதற்கு வசதியற்றோர் பலர். தம்பி இரண்டு வருடம் சேமித்த பணம் இது. பனியும் முன்போல் இல்லை. தாழ்ந்த சரிவுகளில் இயந்திரம் கொண்டு பனி தூவுகின்றனர். 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அந்நாட்டுப் பனியாறுகள் தம் கனவளவிற் பத்திலொரு பங்கை இழந்தன. "அப்ப இந்தக் கூரையளிலை ஆளுயரம் கிடக்கும்" என்று தம்பி காட்டிய கூரைகளில் ஒரு முழமே கிடந்தது.

ஐந்தாம் நாள் கிளைன ஷைடெக் என்னும் மேட்டுக்குச் சென்றோம். உயரம் 2,061 மீற்றர். நம் சிவனொளிபாத மலையின் உச்சி 2,243 மீற்றர் என்பதை நினைவிற் கொண்டால் வாசகர்களுக்கு விளங்கும். நண்பகலில் அங்குள்ள உணவகத்திற் சூப்பு அருந்தினோம். உண்டு முடிந்ததும், மற்றவர்கள் தட்டங்களை மேசையிலேயே விட்டுச் செல்ல, தம்பி எம் அறுவரின் கோப்பைகளையும் ஒன்றனுள் ஒன்றாய் அடுக்கி, எச்சிலைத் துடைத்து, பாத்திரம் கழுவுமிடத்து வாயிலிலே வைத்தார். உள்ளே நீராவியின் நடுவே நின்ற இளைஞர் நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தார். எந்நாட்டவரோ அறியோம். தம்பியும் தலையசைத்தார்.

பின்னர் நீலப்பாதை. கீழேயுள்ள வெங்கனல்ப் நிலையம் வரை அவர் சறுக்கி வருவதென்றும், நாம் புகையிரதத்திற் சென்று காத்திருப்பதென்றும் ஏற்பாடு. ஆண்டுதோறும் தை மாதத்தில் லவுபர்ஹோர்ண் பந்தயம் நடப்பதும் இம்மலைச்சாரலில்தான். 1930 இல் தொடங்கிய அப்பந்தயத்தின் பாதை சுமார் நாலரைக் கிலோமீற்றர். 2013 இல் ஒரு வீரர் மணிக்கு 161.9 கிலோமீற்றர் வேகத்திற் பாய்ந்தார். தம்பியின் வேகம் மிதிவண்டியின் வேகத்திலும் குறைவு என்று பின்னர் மகன் அறிவித்தான்.

புறப்படுமுன் மகன் கைத்தொலைபேசியை நீட்டி, "அப்பா, பழைய படம் மாதிரி நேராய் நில்லுங்கோ" என்றான்.

"நிக்கிற படம் இருக்குதுதானே. ஓடேக்கை எடு" என்றார் தம்பி.

நாம் நிலையத்திற் காத்திருந்தோம். கால்மணி சென்றது, அரைமணியும் சென்றது. தம்பியின் மனைவியார் கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். கடைசியில் மேட்டின் விளிம்பிலே மூன்று உருவங்கள் தோன்றின. முன்னே மகள், பின்னே மகன், நடுவிலே முழங்காலை மடித்து, கைகளை அகல விரித்து, பெரியதொரு பீட்சாத் துண்டாகத் தம்பி. விழவில்லை. எம்மருகே வந்தபோது நிறுத்தத் தெரியாமல் வேலியைப் பிடித்துக்கொண்டார்.

மகன் பிடித்த படம் தெளிவாக விழவில்லை. சிவப்புச் சட்டை ஒன்று கீற்றாய் ஓடுகின்றது, முகம் தெரியவில்லை. அதனை அச்சிட்டு வாங்கிவந்து, எம் வீட்டிலே பழைய படம் இருந்த அதே ஆணியில் மாட்டியிருக்கின்றோம்.