தேறல்

மேல்வகுப்பிலே புறநானூறு கற்பிக்கும்போது, 56 ஆம் பாட்டில் ஒரு சொல் மாணவரைத் தவறாது நகைக்கவைக்கும். யவனர் கொணர்ந்த மதுவை அருந்தி மகிழ்க எனப் பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் இடம் அது. அம்மதுவுக்கு அவர் இட்ட பெயர் தேறல். தேறுதலாவது தெளிதல், மண்டி நீங்கித் தெளிந்தது தேறல். மண்டி நீங்குமாற்றை நாம் நேரிற் கண்டது 2018 ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையிலே, பாரிசில் வாழும் எம் பழைய மாணவர் சிலர் எம்மை அழைத்துச் சென்ற எப்பெர்னே நகரத்து நிலவறையில்.

சாம்பேன் நாட்டு மது இருமுறை நொதிப்பது. முதல் நொதிப்பின் பின்னர்ச் சீனியும் மதுவமும் கூட்டிப் போத்தலில் அடைப்பர். உள்ளே பிறக்கும் காபனீரொட்சைட்டு வெளியேற வழியின்றி மதுவிலே கரைந்து, வளிமண்டல அமுக்கத்தின் ஏறக்குறைய 6 மடங்காகி நிற்கும். குறைந்தது 15 மாதம் நிலவறையிற் கிடந்தாலன்றி விற்கலாகாது என்பது சட்டம். போத்தலைத் தலைகீழாகச் சாய்த்து, சிறிது சிறிதாகத் திருப்பி, மண்டியைக் கழுத்துக்கு இறக்குவர். கழுத்தை உறையவைத்துத் திறந்தால் மண்டிக்கட்டி துள்ளி வெளிப்படும். எஞ்சுவது தேறல்! நக்கீரர் கண்டிருப்பின் வேறு சொல் தேடியிரார்.

அன்றிரவு பாரிசில் மாணவர் ஒருவரின் இல்லத்தில் மூன்று நாட்டுப் போத்தல்கள் மேசைக்கு வந்தன. மதுவருந்தும் வழக்கம் எமக்கில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு வாய் மாத்திரம் சுவைத்தோம். நகைப்போர் நகைக்க.

இத்தாலியரின் புரொசெக்கோ கிளேரா என்னும் முந்திரிகையிலிருந்து வருவது. அதன் இரண்டாம் நொதிப்புப் பெருந்தாங்கியிலே நிகழ்வதால் மண்டியோடு நெடுநாள் உறவில்லை. பேரிக்காய் மணமும் இளமையும் உண்டு, ஆழமில்லை. கதலோனியரின் காவா, 1872 இல் யோசெப் ரவெந்தோசு என்பவர் சாம்பேன் முறையைக் கைக்கொண்டு தொடக்கியது. எலுமிச்சையின் கூர்மையும் சற்றே மண்வாசனையும் உடையது. சாம்பேனிலோ மண்டியோடு கிடந்த காலம் மணக்கிறது. சூடான பாணின் மணம் அது. எனினும் எம் நாவுக்கு உகந்தது காவாவே. விலையும் அதற்குச் சார்பாகப் பேசிற்று.

ஆயினும் பெயர் வேறு கதை. 'இசுப்பானியச் சாம்பேன்' என்று விற்றதைப் பிரெஞ்சுக்காரர் இலண்டன் நீதிமன்றத்தில் எதிர்த்து, 1960 இல் வென்றனர். இதனைச் சொன்னவுடன் எம்மிடம் தமிழ் பயின்ற ஒருவர் கிண்ணத்தை வைத்தார்.

"ஐயா, இவர்கள் ஒரு பெயருக்காக இலண்டன் மட்டும் போய் வழக்குப் பேசினார்கள். என்னுடைய அப்பு பனையேறினவர் என்பதை நான் கல்லூரியிலே ஒருநாளும் சொன்னதில்லை."

ஏழாண்டு அவருக்குக் கற்பித்திருந்தும் நாம் அதனை அறிந்திலோம். மேசையில் எவரும் பேசவில்லை. அப்பு எங்ஙனம் பாளை சீவுவார் என நாம் வினாவினோம். அவர் சொல்லத் தொடங்கினார், நள்ளிரவாயிற்று. முட்டியிலே சுண்ணாம்பு பூசினாற் கருப்பநீர், பூசாவிடிற் கள். காலையில் இறக்கியதில் இனிப்பும் நுரையும் நிற்கும், மாலையில் இனிப்பு அறும், மறுநாட் புளிக்கும். எந்தப் பனையின் கள் எது என்பதை அப்பு மணத்தாலே சொல்வாராம்.

பின்பு புரொசெக்கோவைச் சுட்டி, "இது காலைக் கள்ளு, ஐயா," என்றார். சாம்பேனுக்கு ஒப்புச் சொல்ல அவரால் இயலவில்லை. எங்கள் கள்ளை 15 மாதம் எவரும் காத்துவைத்ததில்லை.