இடக்காலை நம்புதல்

கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றி நாம் எழுதப் புகுந்தோம் என்றால் நம்மை அறிந்தோர் புன்முறுவல் பூப்பர். ஐம்பத்தெட்டாம் வயதில் மட்டையைத் தொட்டவர் நாம். கொடைக்கானலில் வாழும் நண்பர் ஒருவர் விருந்தினராக அழைத்துச் சென்றதால் நேர்ந்த பழக்கம் அது. 1895ஆம் ஆண்டில் தோன்றிய அங்குள்ள மைதானம், ஏற்றமும் இறக்கமுமாக மலைச்சரிவில் விரிந்து கிடக்கிறது. காட்டெருமைகள் மேய வந்துவிட்டால், அவை நகரும்வரை ஆட்டக்காரர் காத்திருக்க வேண்டியதுதான்.

இது கைகளால் ஆடும் ஆட்டம் என்றே நாம் எண்ணியிருந்தோம். பந்து அசையாமல் கிடக்கிறது. ஓங்கி அடிக்கத் தோளில் வலுவிருந்தால் போதாதா? ஆனால், நாம் வீசிய மட்டை பந்துக்கு ஒரு சாண் பின்னால் மண்ணைக் கொத்தியது. அடுத்த வீச்சு பந்தின் உச்சியை உரசியது. பந்து பத்தடி உருண்டு நின்றுவிட்டது.

மட்டைப் பையைச் சுமந்து வந்த பெரியவர் மூன்று நாட்கள் வாய் திறக்கவில்லை. (இவர்களைக் 'கேடி' என்கிறார்கள். நம்மூரில் அச்சொல்லுக்கு வேறு பொருள் இருப்பதால் நாம் அவரை ஒருபோதும் அப்படி அழைத்ததில்லை.) நான்காம் நாள் மெல்லச் சொன்னார்: "பாய், கையில குத்தமில்லை. இடது காலை நீங்க நம்ப மாட்டேங்கிறீங்க."

நமக்குச் சுருக்கென்றது. அவரிடம் நாம் சொல்லியிராத செய்தி அது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து இடது கணுக்காலை முறித்துக்கொண்டோம். எலும்பு கூடிவிட்டது, அச்சம் போகவில்லை. படியிறங்கும்போது கைப்பிடியைத் தேடுவதையும், பள்ளிவாசல் வாயிலில் செருப்பு மாட்டும்போது சுவரைப் பிடிப்பதையும் வீட்டாருக்குக்கூடத் தெரியாமல் மறைத்து வந்தோம். மட்டை வீச்சில் அதை மறைக்க இயலவில்லை.

வலக்கைக்காரருக்கு உரிய முறை இது. பந்தின் முன் நிற்கையில் உடலின் பாரம் இரு பாதங்களிலும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். குதிகாலிலும் அன்று, விரல் நுனியிலும் அன்று. மட்டையைப் பின்னே உயர்த்துகையில் வலப் பாதத்தின் உட்புறம் பாரத்தை ஏற்கிறது. வெளிவிளிம்புக்கு அது வழுவிவிட்டால் உரிய நேரத்தில் மீள்வது கடினம். பிறகுதான் நுட்பம். கைகள் இறங்குமுன் கால்கள் புறப்பட்டுவிட வேண்டும். பாதத்தின் அழுத்தத்தை அளக்கும் தட்டுகளின் மேல் ஆட்டக்காரரை நிறுத்தி இன்று ஆராய்கிறார்கள். தேர்ந்தவர்களிடம், மட்டை உச்சியை எட்டுமுன்பே அழுத்தம் இடப்பக்கம் திரும்பத் தொடங்கிவிடுகிறது. பந்து அடிபடும் வேளையில் பெரும்பகுதி இடக்காலில். வீச்சு முடிகையில் ஏறக்குறைய முழுவதுமே அதில். வலக்கால் பெருவிரல் நுனியில் ஒப்புக்கு நிற்கும்.

நாமோ வலக்காலிலேயே தங்கிவிட்டோம். பாரம் பின்தங்கினால் மட்டை தாழ்ந்து தரையைத் தொடும் இடமும் பின்தங்குகிறது. மண்ணைக் கொத்தியதன் காரணம் அதுவே; அதற்குத் தப்பி மேலெழும் மட்டை பந்தின் உச்சியை உரசுகிறது. மலைச்சரிவில் இத்தொல்லை இருமடங்கு. இறக்கத்தை நோக்கி அடிக்கும்போது தோள்களைச் சரிவுக்கு இணையாகச் சாய்த்து, தாழ்ந்த காலில் பாரத்தை ஏற்ற வேண்டும். அந்தத் தாழ்ந்த கால் இடக்கால்!

நண்பர் வீட்டுக் கூடத்தில் ஒரு நிழற்படம் தொங்குகிறது. பென் ஹோகனை ஹை பெஸ்கின் பின்னாலிருந்து எடுத்த படம். 1949 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தில், மூடுபனியில், ஹோகனின் காரும் ஒரு பேருந்தும் நேருக்கு நேர் மோதின. மனைவியைக் காக்க அவர் குறுக்கே பாய்ந்தார். இடுப்பெலும்பும் காறையெலும்பும் முறிந்தன. இடது கணுக்காலும் முறிந்தது. பதினாறு மாதங்கள் கழித்து, 1950 ஜூனில், கால்களில் கட்டுத் துணி சுற்றிக்கொண்டு மெரியன் மைதானத்தில் அமெரிக்க ஓபன் போட்டியில் ஆடினார். ஒரே நாளில் 36 குழிகள். அந்நாளின் கடைசிக் குழியில் அவர் அடித்து முடித்து நிற்கும் கோலமே அப்படம். மறுநாள் மேலும் 18 குழிகள் ஆடி வெற்றி பெற்றார்.

பலமுறை பார்த்த படந்தான். பெரியவர் சொன்ன அன்று மாலை அதில் பாதங்களை மட்டும் பார்த்தோம். வலது குதிகால் உயர்ந்து, செருப்பின் அடியிலுள்ள ஆணிகள் தெரிகின்றன. உடல் முழுவதும் இடக்காலின் மேல். முறிந்த கால் அதுதான்.

மறுநாள் பெரியவர் நம்மைப் பந்தில்லாமல் வீசச் சொன்னார். முடிவில் வலக்காலைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு, மூன்று எண்ணும்வரை நிற்க வேண்டும். முதல் நாள் ஒன்று எண்ணுமுன் தடுமாறி அவர் தோளைப் பற்றினோம். கணுக்கால் வலிக்கவில்லை, நெஞ்சுதான் படபடத்தது. ஒன்பதாம் நாள் மூன்று எண்ணி முடித்தோம். பத்தாம் நாள், ஓர் இறக்கத்தில், பந்தை வைத்தார்.

வீசினோம். கையில் அதிர்வே தெரியவில்லை. பந்து போன திசையை நாம் பார்க்கவில்லை. இடக்காலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தோம். பெரியவரும் நம் காலையே பார்த்திருந்தார் போலும். பிறகு கண்களுக்கு மேல் கையை வைத்துக் கீழே உற்று நோக்கினார்.

"பாய், பந்து எருமைங்க நடுவுல கிடக்கு. வேற பந்து எடுக்கவா?"