அசை பிரித்த பொறி

நண்பர் ஒருவர் சென்ற வாரம் நம்மை நோக்கி, ‘கணினிக்கு நிரல் எழுதுவதில் உமக்கிருந்த பித்து எங்கே போயிற்று?’ என வினவினார். ‘நேரமில்லை’ என்று கூறித் தப்பினோம். அது பொய். நேரம் வேண்டிய மட்டும் இருக்கின்றது.

சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நாம் வளர்ந்தோம். 2004-ஆம் ஆண்டளவில், எவரோ கழித்துவிட்ட பழங்கணினி ஒன்று தோட்டத்து இளைஞர் மன்றத்திற்கு வந்து சேர்ந்தது. 2003 முதல் நாட்டுப் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற் கற்பிக்கப்பட்டமையால், அப்பொறியின் மொழி நம்மை அச்சுறுத்தவில்லை. விஷுவல் பேசிக்கில் நான்கு வரி எழுதினால் திரையில் ஒரு பொத்தான் தோன்றும். அதனை அழுத்தினால் நம் பெயர் தோன்றும். இவ்வளவிற்காகவே இரவுச் சோற்றை மறந்த நாட்கள் பல. சரஸ்வதி பூசையன்று பெரியோர் அப்பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, ‘இன்று யாரும் தொடக்கூடாது’ என்று கட்டளையிட்டனர். அறிவைத் தொடாதிருப்பதே அறிவுக்குச் செய்யும் வணக்கம் என்னும் அவ்விந்தையைக் கண்டு அன்று அழுதோம், இன்று சிரிக்கின்றோம்.

2008-இல் ஒரு தனியார் கல்லூரியிற் சேர்ந்தோம். 1998-இல் வெளிவந்த விஷுவல் பேசிக்கின் ஆறாம் பதிப்புக்கு அதன் ஆக்கியோர் ஆதரவை நிறுத்தியதும் அவ்வாண்டே. கற்ற மொழி போயிற்றே என்று வருந்தினோமில்லை, ஜாவாவைக் கற்றோம். ஆனால் அங்கே நிரலைத் தாளில் எழுதச் சொன்னார்கள். எந்த நூலகமும் கேளாத நூலகக் கணக்கு நிரலொன்றை வகுப்பு முழுதும், ஒருவரைப் பார்த்து ஒருவர், எழுதிக் கொடுத்தோம். ‘இதற்கு எத்தனை மதிப்பெண்? இதனால் மாதம் எத்தனை வெள்ளி?’ என்று கேட்கும் பழக்கம் அங்கேதான் நம்மைப் பற்றிற்று.

தோட்ட அலுவலகத்திற் கிராணியாய் அமர்ந்தபின், இழந்ததை மீட்கும் எண்ணத்தோடு ஒரு பொழுதுபோக்கை மேற்கொண்டோம். செய்யுளை அசை பிரிக்கும் நிரல் அது. மெய்யெழுத்தோடு உயிர் சேர உயிர்மெய் பிறக்கும் என்பது நம் இலக்கணம். கணினிகள் கைக்கொண்ட யூனிகோடு முறையோ அதனைத் தலைகீழாக்கிற்று. அங்கே ‘க’ என்பதற்கு 2965 என்று ஓர் எண். புள்ளிக்கு 3021 என்று மற்றோர் எண். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாலன்றி ‘க்’ பிறவாது. உயிர்மெய்யிலிருந்து மெய்யைப் பெறும் உலகம் அது! ஆகவே ‘ஈப்போ’ என்னும் மூன்றெழுத்துச் சொல்லைப் பொறி ஐந்து என்று எண்ணும். மூன்று என்று எண்ணுமாறு அதற்குக் கற்பிக்க நமக்கு ஒரு வாரம் பிடித்தது. பின்னர்க் குறில், நெடில், ஒற்று எனப் பிரிக்கக் கற்பித்தோம். முதலில் நம் ஊர்ப் பெயர்களையே அதற்கு உணவாக இட்டோம். ஈப்போ, நேரும் நேரும், தேமா. பேராக் தேமா. சுங்கை, சிப்புட், தைப்பிங், கம்பார் யாவும் தேமா! இம்மாநிலத்தில் புளிமாவே இல்லையோ என்று ஐயுற்றிருந்த வேளையில் கமுந்திங் வந்தது. நிரையும் நேரும், புளிமா. நள்ளிரவில் தனியே கைகொட்டினோம்.

மறுநாட் காலையில் பல் துலக்கும்போதே, ‘இதனை எங்கே விற்பது? யாரிடம் காட்டிப் பெயர் பெறுவது?’ என்னும் கேள்வி எழுந்தது. அதன்பின் ஞாயிறுதோறும் பெட்டியைத் திறப்போம், குற்றியலுகரத்தில் நிரல் இடறும், மூடுவோம். இவ்வாறு பல மாதங்கள்.

அந்நிலையில் இணையத்தில் ‘அவலோகிதம்’ கண்ணிற்பட்டது. வினோத் ராஜன் என்பார் ஆக்கியது. செய்யுளை இட்டால் அசை, சீர், தளை பிரித்து, இன்ன பா என்றும் கூறிவிடும். நமக்குத் துயரம் வந்திருக்க வேண்டும், பொறாமையேனும் வந்திருக்கலாம். வந்ததோ நிம்மதி. ‘விட்டது சனி’ என்று, சனியில் நம்பிக்கையற்ற நாமே, பெருமூச்சு விட்டோம். தன் பிள்ளையைப் பிறர் எடுத்து வளர்க்கின்றனர் என்று கேட்டு ஒரு தந்தை அவ்வாறு மூச்சு விடுவானாயின் அவனை என்னென்பது? நமக்கு அன்றுதான் வெட்கம் உறைத்தது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், ‘பொறியே நிரலெழுதும் காலத்தில் ஆர்வம் எங்ஙனம் நிலைக்கும்?’ என்பார் நம் வயதினர் பலர். அச்சாக்கு நமக்குக் கிட்டவில்லை. நம் விளக்கு அதற்கு முன்னரே அணைந்துவிட்டது. இந்நாட்டிலேயே முத்து நெடுமாறன் 1985-இல் முரசு அஞ்சலைத் தொடங்கினாரே, அன்று தமிழ்க் கணினிக்குச் சந்தை ஏது?

எனினும் கல்லூரியை முற்றும் குறைகூற மனம் வரவில்லை. நம் தாயார் பால்மரம் சீவி நம்மைப் படிக்க வைத்தவர். அவர் மகன் சம்பளத்தைப் பற்றிக் கேட்டதிற் குற்றமென்ன? அக்கேள்வியை அலுவலக வாயிலிலேயே விட்டுவராமல், இரவில் தனித்திருந்த மேசைக்கும் உடன் அழைத்து வந்தோம், அதுதான் பிழை.

ரப்பர் நின்ற இடத்தில் இன்று செம்பனை நிற்கின்றது. நாமும் எக்செல் தாளிற் குலைக்கணக்குக் கூட்டுவதோடு சரி. சென்ற மாதம் அலுவல் நிமித்தம் மஞ்சோங் பக்கம் சென்றோம். சாலையோரப் பலகையில் புருவாஸ் என்னும் பெயரைக் கண்டதும் விரல்கள் தாமாக மடங்கின. புரு, நிரை, வாஸ், நேர். புளிமா. பக்கத்திலிருந்த ஓட்டுநர் நாம் ஏன் சிரித்தோம் என்று கேட்டார்.