குட்டிச்சாத்தான் நாலு, ஆக்கள் நாலு

'என்கவுண்டர்' எண்டு தமிழில சொன்னா எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வாறது பொலிஸும் துவக்கும்தான். தமிழ்நாட்டுச் செய்திகளும் சினிமாவும் அந்தச் சொல்லில இந்த அர்த்தத்தை அப்படி ஒட்டி வைச்சிருக்கு. பஸ்ஸில நிண்டுகொண்டு போனில "இண்டைக்கு இரவு ரெண்டு என்கவுண்டர் ரெடி" எண்டு சொல்லிப் பாருங்கோ, முன் சீற் ஐயா திரும்பிப் பார்ப்பார். எங்களுக்கு இது ரெண்டு மூண்டு தரம் நடந்த பிறகு சொல்லை மாத்திப்போட்டோம். இப்ப எங்கட குழுவில அது 'எதிர்ப்படல்'. போற வழியில ஏதோ ஒண்டு எதிர்ப்படுகுது, அவ்வளவுதான். அது சண்டையாகவும் முடியலாம், பேரம் பேசியும் முடியலாம், ஓட்டம் எடுத்தும் முடியலாம்.

தெரியாத ஆக்களுக்குச் சுருக்கமா: ஒருவர் கதை சொல்லுவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து அந்தக் கதைக்குள்ள நடமாடுவார்கள். எதையாவது செய்து பார்க்கிற நேரம் அது சரிவருமோ இல்லையோ எண்டதைப் பகடை சொல்லும். 1974 இல் அமெரிக்காவில கரி கைகக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்' தான் இந்த வகை விளையாட்டுக்கு முதல் அச்சுப் புத்தகம். நாங்கள் விளையாடுறதும் அதுதான். கலைப்பீடத்தில வேறவேறு துறைகளில படிக்கிற ஐந்து பேர். கதை சொல்லுறவரை அண்ணாவியார் எண்டு கூப்பிடுவோம். எங்களில நாடகமும் அரங்கியலும் படிக்கிற ஒருத்தி இந்தப் பெயரை இண்டைக்கும் ஏற்கேல்லை. கூத்தில அண்ணாவியாரிட்ட கொப்பி இருக்கு, பாட்டு இருக்கு, எந்த இடத்தில ஆர் வரவேணும் எண்டது தெரியும், இங்க அண்ணாவியாருக்கே அடுத்தது என்ன எண்டு தெரியாது எண்டுறது அவளின்ர வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் பெயர் ஒட்டிவிட்டுது.

அந்த ஒராளின்ர தலையில எவ்வளவு பாரம் எண்டது விளையாடினால்தான் விளங்கும். எத்தனை பேயை விட்டா ஆக்கள் சாகாமல் ஆனால் பயப்படுவினம் எண்டு கணிக்க வேணும். சண்டை தொடங்கினா ஆர் முதல், ஆர் பிறகு, ஆருக்கு எவ்வளவு உயிர் மிச்சம் எண்டதை விடாமல் பிடிக்க வேணும். மூண்டு மாதத்துக்கு முதல் ஏதோ ஒரு ஓடக்காரன் சொன்ன பொய் என்ன எண்டதும் ஞாபகம் இருக்க வேணும். இதுக்கெல்லாம் இணையத்தில கருவிகள் இருக்கு. அநேகமானவை ஆங்கிலத்தில, கொஞ்சம் டொலரில.

கணிப்பிலிருந்து தொடங்குவோம். 'கோபோல்ட் ஃபைட் கிளப்' மாதிரியான கணிப்பான்களில எத்தனை பேர் விளையாடுறீங்கள், எத்தனையாம் மட்டம், எந்தெந்த உயிரி எண்டு குடுத்தா, இந்த எதிர்ப்படல் லேசோ கடினமோ எண்டு சொல்லும். பார்க்க மாயம் மாதிரி. உள்ளுக்க இருக்கிறது ஓஎல் கணிதம் கூட இல்லை. 2014 விதிப்புத்தகத்தின்படி முதலாம் மட்டத்தில ஒரு ஆளுக்கு 25 புள்ளி லேசு, 50 நடுத்தரம், 75 கடினம், 100 உயிராபத்து. நாலு பேர் எண்டா உயிராபத்தின்ர எல்லை 400. ஒரு கொப்ளினுக்கு 50 புள்ளி. எங்கட கதையில கொப்ளின் இல்லை, இலக்கங்களை அப்படியே வைச்சுக்கொண்டு அதைக் குட்டிச்சாத்தான் ஆக்கிவிட்டோம். நாலு குட்டிச்சாத்தான் வந்தா 200 புள்ளி, அப்ப நடுத்தரம் எண்டுதானே நினைப்பீங்கள்? இல்லை. மூண்டிலிருந்து ஆறு வரைக்கும் எதிரிகள் வந்தா மொத்தத்தை ரெண்டால பெருக்கச் சொல்லுது அந்தப் புத்தகம். 400. உயிராபத்து.

ஏன் பெருக்க வேணும் எண்டதுதான் முக்கியம். ஒரு சுற்றில நாலு எதிரி எண்டா நாலு அடி. அடி பட்டா ஆறு பக்கப் பகடையோட ரெண்டைக் கூட்டின அளவு உயிர் குறையும், சராசரி ஐந்தரை. முதலாம் மட்ட மந்திரவாதிக்கு மொத்தமே ஏழு எட்டு உயிர்தான். ரெண்டு குட்டிச்சாத்தான் ஒரே ஆளைத் தெரிவுசெய்தா அந்த ஆள் தன்ர முதல் மந்திரத்தைச் சொல்ல முன்னமே நிலத்தில. அதே 200 புள்ளிக்கு ஒரேயொரு பெரிய மிருகம் வந்தா, அது தன்ர முறைக்குத்தான் அடிக்கும், நாலு பேரும் சுத்தி நிண்டு வெளுக்கலாம். எண்ணிக்கையே ஆயுதம் எண்டதை அந்தப் பெருக்கல் சொல்லுது.

இப்ப விசயம் என்னெண்டா, 2024 இல் வந்த புதிய வழிகாட்டிப் புத்தகம் இந்தப் பெருக்கலையே தூக்கிவிட்டுது. ஆளுக்கு 50, 75, 100 எண்டு மூண்டு படிதான். நாலு பேருக்கு ஆகக்குறைஞ்ச படி 200. அப்ப அதே நாலு குட்டிச்சாத்தான், அதே நாலு ஆக்கள், ஒரு புத்தகத்தில உயிராபத்து, மற்றப் புத்தகத்தில ஆகக் கீழ்ப்படி! ஆகவே ஒரு கணிப்பானைத் திறந்தா முதல்ல பார்க்க வேண்டியது அது எந்த ஆண்டு விதியில கணக்குப் பார்க்குது எண்டதை. எங்கட அண்ணாவியார் இன்னும் 2014 இலதான் நிக்கிறார். கஞ்சத்தனமாக் கணிக்கிறது நல்லது எண்டு நாங்களும் நினைக்கிறோம், சாகப்போறது எங்கட பாத்திரங்கள்தானே.

இவ்வளவு கணக்கும் பார்த்து வைச்ச அந்த உயிராபத்து எதிர்ப்படல் எப்படி முடிஞ்சுது தெரியுமோ? பனங்கூடலுக்குள்ள நாலு குட்டிச்சாத்தானும் வழிமறிக்க, எங்கட கூட்டத்தில ஒருத்தன் தன்ர பையில இருந்த பனாட்டை எடுத்து நீட்டினான். அண்ணாவியார் பகடை போடச் சொன்னார். பத்தொன்பது. நாலு சாத்தானும் பனாட்டைப் பங்குபோடத் தங்களுக்குள்ள சண்டை பிடிக்க, நாங்கள் நடந்து போனோம். கணிப்பானில பனாட்டுக்குப் பெட்டி இல்லை. எல்லாரும் சண்டை பிடிக்கத்தான் வருவினம் எண்ட எடுகோளிலதான் அந்தக் கருவி கட்டப்பட்டிருக்கு. அது அந்தக் கருவியின்ர குறை எண்டு சொல்ல ஏலாது, விளையாட்டே சண்டைக்குத்தான் அதிக பக்கங்களை ஒதுக்கியிருக்கு.

சண்டை நடத்துறதுக்கான கருவிகளைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. முறை வரிசையைப் பிடிக்க 'இம்ப்ரூவ்ட் இனிஷியேட்டிவ்' எண்ட தளம் போதும், இலவசம், பிரவுசரிலேயே ஓடும். வரைபடம் காட்ட 'ஆவுல்பேர் ரோடியோ'. சீஆர் கொப்பியில பேனையால கீறின வரைபடத்தைப் போனில படமெடுத்து ஏத்தி, அதுக்கு மேல பாத்திரங்களை நகர்த்துவோம். 'பவுண்ட்ரி' சரியான வடிவு, ஒருக்கா 50 டொலர் குடுத்தா முடிஞ்சுது, மாதக் காசு இல்லை, கதை சொல்லுறவர் மட்டும் வாங்கினாக் காணும். ஆனால் 50 டொலர் எண்டா எங்கட காசில ஏறத்தாழ 15,000 ரூபாய். மகாபொலக் காசில எத்தனை மாதம் எண்டு நீங்களே கணக்குப் பாருங்கோ. அதோட அது பெரிய திரைக்குச் செய்தது. எங்களில மூண்டு பேர் போனிலதான் வாறது. பயிற்சிக்குக் கொழும்பு போன ஒருத்தன் டிஸ்கோர்ட்டில குரல் மட்டும்தான். நாங்கள் அநேகமாப் படமே இல்லாமல் வாயால விளையாடுறோம், அதுதான் டேட்டாவுக்கும் நல்லது.

காசு இல்லாத ஆக்களுக்கு இதில ஒரு நல்ல செய்தி 2023 ஜனவரியில வந்தது. விளையாட்டின்ர உரிமைக்காரர் தங்கட பழைய திறந்த உரிமத்தை இறுக்கப் பார்க்க, உலகம் முழுக்க விளையாடுறவர்கள் எதிர்த்து நிண்டார்கள். கடைசியில அடிப்படை விதிகளின்ர தொகுப்பு கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில வெளியில வந்தது. மூலத்தைக் குறிப்பிட்டா ஆரும் எடுக்கலாம், மாத்தலாம், மொழிபெயர்க்கலாம். தமிழிலயும்தான். நாங்கள் இருபது உயிரிகள் வரைக்கும் தமிழாக்கி வைச்சிருக்கிறோம். 'ஆர்மர் கிளாஸ்' எண்டதுக்குக் 'கவச எண்' எண்டு போட்டிருக்கிறோம், இதைவிட நல்ல சொல் இருந்தாச் சொல்லுங்கோ.

எங்களுக்கு உண்மையாவே பெரிய விசயம் குறிப்புகள்தான். முதல் கதையை ஒரு தளத்தில எழுதி வைச்சிருந்தோம். அந்தத் தளத்தின்ர பெயர் வேண்டாம். ஒருநாள் இலவசக் கணக்குகளுக்கு இடத்தைக் குறைச்சார்கள், காசு கட்டாட்டிப் பழைய பக்கங்கள் திறக்காது. எட்டு மாதக் கதை. ஊர்கள், ஆக்கள், சத்தியங்கள், கடன்கள். கடவுச்சொல் எங்களிட்ட இருந்துது, கதவுதான் இல்லை.

அதுக்குப் பிறகு 'ஒப்சிடியன்'. இது எழுதுறதை எல்லாம் எங்கட கருவியிலேயே சாதாரண எழுத்துக் கோப்பாச் சேமிக்கும். நாளைக்கு அந்த நிறுவனம் இல்லாமப் போனாலும் கோப்புகள் எங்களோட இருக்கும், வேற எதிலயும் திறக்கலாம். இணையமும் தேவையில்லை. 2022 இல் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் போன காலத்தில படிச்ச ஆக்கள் நாங்கள், இணையம் இல்லாமல் வேலை செய்யிற எதிலயும் எங்களுக்குத் தனி மரியாதை.

ஆனால் தமிழில ஒரு சிக்கல் வந்துது. ஒரு பெயரை எழுதினா அந்தப் பெயர் வாற மற்ற இடங்களை எல்லாம் அதுவே காட்டும் எண்டதுதான் ஒப்சிடியனின்ர பெருமை. ஆங்கிலத்தில சரி. தமிழில 'ஓடக்காரன்' எண்டு தேடினா 'ஓடக்காரனுக்கு' வராது. 'குளம்' எண்டு தேடினாக் 'குளத்தில' வராது. சரி எண்டு வெறும் 'குள' வரைக்கும் அடிச்சா, குளத்தோட சேர்ந்து குளிரும் வரும், ஆரோ குளிச்ச கதையும் வரும். எங்கட தமிழ்த்துறைக்காரி இதைப் பார்த்துச் சிரிச்சா. வேற்றுமை உருபு ஏறினாப் பெயர் திரியும் எண்டு முதலாம் ஆண்டில பாடமாக்கினதை ஒரு செயலி வந்து நிரூபிச்சிருக்கு எண்டா. பிறகு வழியும் அவவே கண்டுபிடிச்சா: இரட்டைச் சதுர அடைப்புக்குள்ள மூலப்பெயரை எழுதி, ஒரு நெட்டைக்கோடு போட்டு, அதுக்குப் பிறகு திரிஞ்ச வடிவத்தை எழுத வேணும். வாசிக்கேக்க 'ஓடக்காரனுக்கு' எண்டுதான் தெரியும், இணைப்பு 'ஓடக்காரன்' பக்கத்துக்குப் போகும். கை நோகும் வேலைதான். ஆனால் மூண்டு மாதம் கழிச்சு அவன்ர பொய் அகப்பட்டது இப்படித்தான்.

எங்கட குறிப்பில முதல் பக்கம் வரைபடம் இல்லை. 'தொடாதவை' எண்டு ஒரு பட்டியல். இதுக்குக் காரணம் ஒரு கைவிட்ட கிராமம். அண்ணாவியார் சும்மா ஒரு பாழூர்தான் சொல்லத் தொடங்கினார். அடுப்பில சோத்துப்பானை, கொடியில காயப்போட்ட உடுப்பு, சுவரில வரிசையாப் பெயர்கள். குழு அரட்டையில ஒரு 'எக்ஸ்' விழுந்துது. எக்ஸ் அட்டை எண்டது ஜோன் ஸ்டாவ்ரொபூலொஸ் எண்டவர் இந்த விளையாட்டுகளுக்காக உருவாக்கின ஏற்பாடு: ஆரும் அந்த அட்டையைத் தொட்டா, ஏன் எண்டு கேட்காமல் அந்த இடத்தைக் கடந்துவிட வேணும். நாங்கள் முதல்நாளே அதைச் சேர்த்திருந்தோம், ஒருத்தரும் பாவிப்பினம் எண்டு நினைக்கேல்லை. அண்ணாவியார் மூச்சு விடேல்லை. "மழை இருட்டுது, நீங்கள் கரையோரம் திரும்புறியள்" எண்டார். கதை கரைக்குப் போயிட்டுது. அவள் பிறகும் ஒண்டும் சொல்லேல்லை, நாங்களும் கேட்கேல்லை. எங்கட வீடுகளில சுவரில தொங்கிற படங்களைப் பார்த்த ஆருக்கும் கேட்கத் தேவையும் இல்லை.

அண்டைக்கு அந்தக் கணிப்பானில அந்தக் கிராமத்துக்குப் பூச்சியம் புள்ளி. அங்க எதிரியே இல்லை.

அதுக்குப் பிறகுதான் பட்டியல். பெயர் போடாமல் ஆரும் ஒரு வரி சேர்க்கலாம், கூகிள் போர்ம் ஒண்டில. காவலரண், கடல் உள்ளுக்கு இழுபடுறது, ஆட்களைப் பெயர் சொல்லி வாசிக்கிறது எண்டு வரிகள் வந்துது. இதை வெளியில எழுதலாம் எண்டு எல்லாரும் ஒத்துக்கொண்ட வரிகள் மட்டும்தான் இங்க. எங்களுக்குள்ள இதில வாக்குவாதமும் உண்டு. இப்படி ஒவ்வொண்டா எடுத்துக்கொண்டு போனா மிஞ்சிறது ஐரோப்பியக் கோட்டையும் ட்ராகனும்தானே, எங்கட மண்ணில நடக்கிற கதை எண்டு என்னத்துக்குச் சொல்லுறம் எண்டு கொழும்பில இருக்கிறவன் கேட்பான். விளையாட வாறது ஆறு மணிக்குப் பிறகு கொஞ்சம் சிரிக்க, மிச்ச நேரம் முழுக்க அந்த மண்ணிலதானே இருக்கிறம் எண்டு நாடகக்காரி சொல்லுவாள். ரெண்டு பேரிலயும் நாங்கள் பாதிப்பாதி நிக்கிறோம்.

போன மாதம் பட்டியலைத் திறக்க ஒரு வரி குறைஞ்சிருந்துது. ஆர் எடுத்தது எண்டு தெரியாது, போர்மில பெயர் விழாது. அந்தக் கிராமத்தின்ர கோப்பை அண்ணாவியார் அழிக்கேல்லை. 'பாழூர்' எண்ட பெயரில, ஒரு பக்கத்தோடயும் இணைக்காமல், அப்படியே கிடக்குது. வாற வெள்ளிக்கிழமை கூட்டம் ஆத்தைக் கடக்க வேணும். ஓடக்காரன் கூலி கூட்டிப்போட்டானாம்.