உதடு படாமல்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரர்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஆனி பிறந்து, மேல்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து முகத்தில் மோதியதுமே தலையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு புறப்பட்டுவிடுவோம். அருவியில் அரைமணி நின்றுவிட்டு வெளியே வந்தால், பசி ஒரு பக்கம், நடுக்கம் ஒரு பக்கம். தொண்டைக்குள் சூடாக ஏதாவது இறங்கினால்தான் பேச்சு வரும். சுக்குக் காப்பியோ, டீயோ, எதுவானாலும் அப்போது அமிர்தந்தான்.

சில வருஷங்களுக்கு முன், அப்படி ஒரு சாரல் நாளில் ஐந்தருவிப் பக்கம் ஒரு வாடகை அறையில் நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். என் சிநேகிதரின் மகனும் வந்திருந்தான். கப்பலில் வேலை பார்க்கிற பையன். பையைத் திறந்து ஒரு சிறிய சுரைக்குடுக்கையையும் ஒரு வெள்ளிக் குழாயையும் எடுத்து நடுவில் வைத்தான்.

“இது என்னடா, விதை போட்டு வைக்கிற குடுக்கையா?” என்று கேட்டார் அவன் தகப்பனார். நம் ஊர்ப் பெரியவர்கள் விதையும் தேனும் போட்டுப் பரணில் வைத்த குடுக்கையின் தம்பி மாதிரிதான் இருந்தது அது.

“அர்ஜென்டினாவிலே வாங்கினேன் அப்பா. மாத்தே குடிக்கிறதுக்கு.”

யெர்பா மாத்தே என்பது ஒரு மரத்தின் இலை. வாட்டி, உலர்த்தி, நொறுக்கிக் குடுக்கையில் முக்கால்வாசி நிரப்பி, கொதிக்காத வெந்நீரை ஊற்றுகிறார்கள். அடியில் சல்லடை வைத்த குழாயால் உறிஞ்சுகிறார்கள். பராகுவே நாட்டுப் பக்கத்துக் குவரானி ஜனங்களின் பழைய பானம் அது. பதினேழாம் நூற்றாண்டில் ஏசுசபைப் பாதிரிமார் அதைத் தோட்டம் போட்டு வளர்த்து வியாபாரமாக்கினார்கள். 1767-இல் ஸ்பெயின் அரசர் அவர்களை வெளியேற்றியதும் தோட்டங்கள் பாழாயின. இன்று அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே, பிரேஸிலின் தென்பகுதி எங்கும் அதுதான் காப்பி, அதுதான் டீ. 2013-இல் அர்ஜென்டினா அதைத் தேசிய பானம் என்று சட்டமே செய்துவிட்டது.

இதெல்லாம் பையன் சொன்னதும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதும். ஆனால் அன்றைக்கு எங்களைத் திகைக்க வைத்தது சரித்திரமல்ல, குடிக்கிற முறை. கூட்டத்தில் ஒருவர்தான் ஊற்றுவார். முதல் குடுக்கையை அவரே குடித்துவிடுவார். பிறகு மறுபடி நீர் ஊற்றி அடுத்தவருக்கு. அவர் குடித்துத் திருப்பிக் கொடுத்தால், அதே இலை, அதே குழாய், அதற்கடுத்தவருக்கு. போதும் என்றால் நன்றி சொல்லவேண்டும். சொல்லாதவரை வந்துகொண்டே இருக்கும்.

“எல்லாரும் ஒரே குழாயிலேயா?” என்றார் ஒருவர்.

“ஒரே குழாய்தான் மாமா. துடைக்கவும் கூடாது. துடைச்சா மரியாதைக் குறைவு.”

நம் நாட்டில் சூடாகக் குடிக்கிற கலையே உதடு படாமல் குடிக்கிற கலை அல்லவா! டம்ளரை ஒரு சாண் மேலே தூக்கி, அண்ணாந்து, ஒரு சொட்டும் சட்டையில் சிந்தாமல் தொண்டைக்குள் ஊற்றிக்கொள்கிற சாமர்த்தியத்தை என் பாட்டி எனக்கு எழுத்துப் படிப்பதற்கு முன்பே சொல்லிக் கொடுத்துவிட்டாள். காப்பி டம்ளரின் விளிம்பு வெளிப்பக்கமாக மடிந்திருப்பதும் அதற்குத் தோதாகத்தான் இருக்கிறது. கடித்துத் தின்றால் எச்சில், உதடு வைத்துக் குடித்தால் எச்சில்.

காப்பி இங்கே நேற்று வந்த சரக்கு. நீராகாரம் குடித்துவிட்டு வயலுக்குப் போன ஊரில் அது நுழைந்தபோது பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் காப்பி கிளப்புகள் முளைத்ததும் பழைய சுவர்கள் தாமாகவே எழும்பிவிட்டன. ‘பிராமணாள்’ என்ற பலகை, உள்ளே தனி இடம், வெளியே தனி இடம். ரயில்வே சிற்றுண்டிச் சாலையிலேகூட அந்தத் தடுப்பு இருந்தது, 1941-இல்தான் போயிற்று. டீ இன்னும் பிந்தி வந்தது. 1930-களில் தேயிலைக்காரர்களின் வாரியம் சந்தை சந்தையாக ஆள் அனுப்பி, டீ போடக் கற்றுக்கொடுத்து, சும்மா ஊற்றிக் கொடுத்துப் பழக்கியது. ஏழைக்கும் எட்டுகிற பானம். எல்லோருக்கும் ஒரே கொதிகலம், ஒரே வடிகட்டி. ஆனால் டம்ளர்?

1980-களின் நடுவில் எனக்கு எட்டு வயது. தென்காசியிலிருந்து கொஞ்ச தூரத்தில் எங்களுக்குச் சிறிது வயல் இருந்தது. அங்கே வேலை பார்த்தவருக்கு என் தாத்தா வயது. என்னைத் தோளில் தூக்கி வாய்க்காலைக் கடத்திவிடுவார். அவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவர் என்னை ‘ஐயா’ என்பார். அப்போது அதில் எனக்கு ஒரு விபரீதமும் தெரியவில்லை.

வயலுக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடை. அப்பாவும் நானும் பெஞ்சியில் உட்காருவோம். கண்ணாடி டம்ளரில் டீ வரும். அவர் கூரை இறவாணத்தில் செருகியிருக்கும் ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டு வெளியே குந்துவார். கடைக்காரர் எட்ட நின்று, உயரத்திலிருந்து ஊற்றுவார். குடித்த பிறகு அவரே கழுவி, அவரே செருகிவிட்டு வருவார். காசு மட்டும் ஒரே காசு. தீண்டாமையை ஒழித்தது என்று அரசியல் சாசனம் 1950-லேயே சொல்லிவிட்டது; அதைக் குற்றமாக்கும் சட்டம் 1955-இல் வந்தது. இறவாணத்துச் சிரட்டைக்கு அந்தச் சேதி எட்டவில்லை.

எனக்கு அவரைப் பார்த்து இரக்கம் வந்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. வந்தது பொறாமை. அந்தச் சிரட்டையின் வழவழப்பு, அதன் கறுப்பு! “எனக்கும் அதிலே டீ வேணும்” என்று ஒரு நாள் அடம் பிடித்தேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. “அது ஐயாவுக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, சிரட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

குற்றாலத்து அறைக்கு வருகிறேன். குடுக்கை என் முறைக்கு வந்தது. எனக்கு முன்னால் உறிஞ்சியவர் முப்பது வருஷ சிநேகிதர். மேடைகளில் சமத்துவம் பற்றி நான் பேசியதுண்டு, கதைகளும் எழுதியிருக்கிறேன். இருந்தும் என் கை தானாகப் போய்த் தோள் துண்டின் நுனியை எடுத்து, குழாயின் வாயைத் துடைத்தது. “மாமா!” என்று பையன் சிரித்தான். அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு உறிஞ்சினேன். வேப்பங்கொழுந்தையும் புகையையும் சேர்த்துக் கொதிக்கவைத்த மாதிரி கசப்பு.

எங்கள் வண்டியை ஓட்டி வந்தவர் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார். பையன் குடுக்கையை நீட்டி, “அண்ணே, நீங்களும் வாங்க” என்றான். அறை ஒரு நொடி அமைதியாகிவிட்டது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

“வேண்டாம் தம்பி, எனக்குக் கசப்பு ஆகாது” என்றார் அவர்.

அது கசப்பு என்று அதுவரை அவரிடம் யாரும் சொல்லவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கலாம். அவர் என்ன ஆள் என்று நான் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்துவைத்துக்கொள்கிற வித்தையை எங்கள் ஊர் எல்லோருக்கும் கற்றுக் கொடுத்திருக்கிறது.

2020-இல் கொள்ளைநோய் வந்தபோது, குடுக்கையைப் பகிர்ந்துகொள்ளாதீர்கள் என்று அந்த நாட்டில் சொல்லவேண்டி வந்ததாம். ஆளுக்கொரு குடுக்கையை வைத்துக்கொண்டு தனித்தனியாக உறிஞ்சிய ஜனங்கள் எவ்வளவு சங்கடப்பட்டிருப்பார்கள்! நமக்கு அந்தச் சிரமமே இல்லை.

சாயங்காலம் பேரருவிப் பக்கம் வண்டியை நிறுத்தினோம். மற்றவர்கள் குளிக்கப் போய்விட்டார்கள். நானும் அவரும் சுக்குக் காப்பி வாங்கினோம். இரண்டு காகிதக் கோப்பைகள். குடித்ததும் கசக்கி எறிந்துவிடலாம். கழுவவும் வேண்டாம், செருகவும் வேண்டாம். பழைய டம்ளர் வழக்குகள் பலவற்றை இந்தக் காகிதம் மூடி மறைத்துவிட்டது. யார் மனமும் மாறவேண்டிய அவசியம் இல்லாமலே காரியம் முடிந்துவிட்டது.

“அந்தப் பச்சைத் தண்ணி எப்படி சார் இருந்துச்சு?” என்று கேட்டார்.

“கசப்புதான். நீங்க தப்பிச்சீங்க.”

அவர் கோப்பையை ஊதி ஒரு வாய் குடித்தார்.

“எல்லாரும் ஒரே குழாயிலேயா குடிச்சீங்க?”

“ஆமா.”

“நீங்களுமா சார்?”

“நானுந்தான்” என்றேன். துண்டால் துடைத்ததைச் சொல்லவில்லை.